கைகளைக் கழுவச் சொன்னவர்கள் கை கழுவிய கதை

'மசாஜ்' என்ற சொல் எமது தமிழ்ப் பத்திரிகைகளில் தனியாக வருவது அபூர்வம். அதன் பின்னால் பொலிஸ் ஜீப் ஒன்றும் வந்துகொண்டிருக்கும். மசாஜ் நிலையம் என்ற பெயரில் இயங்கிய விடுதி சுற்றிவளைப்பு, இத்தனை பெண்கள் கைது, நீதிவான் முன்னிலையில் ஆஜர். இந்த வாய்பாட்டுச் செய்தியை நானே எத்தனை தடவை செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே ரொறன்ரோவில் குடியேறிய பழைய சகபாடி ஒருவர், மகள் மசாஜ் தெரபி படிக்கிறாள் என்று பல ஆண்டுகளுக்கு முன்னர் தொலைபேசியில் கூறியபோது நான் ஒரு கணம் பேசாதிருந்துவிட்டேன். அந்த ஒரு கண மௌனத்தை அவர் இன்றும் சொல்லிக் காட்டுவார். அதில் நியாயமும் உண்டு. முறிவு நெரிவுக்குப் பரியாரியாரிடம் போய் எண்ணெய் போட்டு உருவுவித்துக்கொண்டு வந்த சமூகத்தில் பிறந்தவன் நான். கை வைத்துச் செய்யும் வைத்தியத்தைக் கண்டு முகம் சுழிக்கும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது?

அந்த மகளின் தொழில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1919ஆம் ஆண்டு முதல் ஒழுங்குபடுத்தப்பட்டுவரும் தொழில். 1991இன் சட்டப்படி அதற்கென ஒரு கல்லூரி உண்டு. கல்லூரி என்றால் படிப்பிக்கும் இடமல்ல, பதிவையும் ஒழுக்காற்று விசாரணையையும் கவனிக்கும் சபை. அதில் பதிவு பெறாத எவரும் 'மசாஜ் தெரபிஸ்ட்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. சட்டத்தின் பார்வையில் இவர்கள் தாதியரும் பல் வைத்தியரும் இருக்கின்ற அதே பட்டியலில் உள்ள சுகாதாரத் தொழிலாளர்கள்.

இந்தப் பட்டியல் விவகாரத்தை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் அநீதி முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

2020 மார்ச் 17ஆம் திகதி ஒன்ராறியோ அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. இரண்டு நாட்களின் பின், மார்ச் 19இல், மாகாணத்தின் பிரதம சுகாதார மருத்துவ அதிகாரியாக இருந்த வைத்தியர் டேவிட் வில்லியம்ஸ் இரண்டாம் இலக்கப் பணிப்புரையை விடுத்தார். அத்தியாவசியமற்ற சேவைகளை நிறுத்துங்கள் அல்லது ஆகக் குறைந்த மட்டத்துக்குக் குறையுங்கள் என்பது அதன் சாரம். கதவுகள் மூடப்பட்டன. உளவள ஆலோசகர் காணொளியில் பேசலாம், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் திரையில் தோன்றி கையை இப்படி உயர்த்து என்று காட்டலாம். தசையை உருவி வலியைத் தணிப்பவர் திரைக்குள்ளால் கையை நீட்ட முடியுமா? ஏறத்தாழ பத்து வாரங்கள் அவர்களுக்கு வருமானம் பூச்சியம்.

மூடியதை நான் குறை சொல்லவில்லை. எவருக்கும் எதுவும் தெரியாதிருந்த நாட்கள் அவை. திறந்த விதத்தைப் பற்றியே என் வழக்கு.

மே 26ஆம் திகதி பணிப்புரை திருத்தப்பட்டது. நிறுத்தி வைக்கப்பட்ட சேவைகளைப் படிப்படியாக மீள ஆரம்பிக்கலாம் என்றது. தொழில்சார் மதிப்பீட்டின்படி நடந்துகொள்ளுமாறும் கேட்டுக்கொண்டது. நோயாளியை முன்கூட்டியே வினாவிச் சோதித்தல், இடைவெளி, முகக்கவசம், கைகழுவல், மேற்பரப்புத் துப்புரவு என்று நிபந்தனைகள் அடுக்கடுக்காக வந்தன. முகக்கவசம் முதலியவற்றை எங்கே பெறுவது? உங்கள் வழமையான விநியோகத்தரிடமே பெற்றுக்கொள்ளுங்கள், அரசின் கையிருப்பு அவசர நிலைமைகளுக்கு மட்டும் என்று அரசாங்கம் கூறிவிட்டது. மசாஜ் சிகிச்சையாளருக்குச் சத்திரசிகிச்சை முகக்கவசம் விற்கும் வழமையான விநியோகத்தர் எந்தக் காலத்தில் இருந்தார்? அவருடைய வழமையான விநியோகத்தர் எண்ணெயும் துவாயும் விற்பவர்.

நண்பரின் மகள் அந்த வாரம் என்னுடன் பேசினாள். "மாமா, செய்யலாம் எண்டு சொல்லுறாங்கள். செய் எண்டு சொல்லேல்லை. ஏதும் நடந்தா என்ர தலையிலைதான்." நாற்பது வருடம் அரசாங்க அறிக்கைகளை வாசித்தவன் நான். எந்த அறிக்கையையும் இவ்வளவு சுருக்கமாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

அவள் வேலை செய்தது வாடகைக்கு எடுத்த ஓர் அறையில். யன்னல் கிடையாது. நோயாளியின் அந்தரங்கம் கருதிக் கதவு சாத்தியிருக்கும். கட்டிலில் முகம் குப்புறப் படுத்திருப்பவர் ஒரு மணி நேரம் அங்கே மூச்சு விடுவார். உடல் பலத்தைப் பிரயோகித்து வேலை செய்யும் அவளும் அதே காற்றில் இளைப்பாள். ஒருவர் போனதும் விரிப்புகளை மூடிய பைக்குள் கட்டி, கட்டில், கதிரை, எண்ணெய்ப் போத்தல், கதவுப் பிடி எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஏழு பேரைப் பார்த்தவள் நால்வரையே பார்க்க முடிந்தது. துடைத்துத் துடைத்துக் கை தோல் உரிந்தது. கைதான் அவளுடைய தொழிற்கருவி.

இவ்வளவு துடைப்பும் எதற்காக? உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 28ஆம் திகதி, கொவிட் காற்றினால் பரவுவதில்லை என்று 'உண்மை' என்ற தலைப்பிட்டு டுவிட்டரில் அறிவித்திருந்தது. அந்த 'உண்மை'யின் மேல்தான் உலகின் கிருமிநாசினிப் போத்தல்கள் எல்லாம் அடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் லிடியா மொறாவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் ஆகிய இருவரும் எழுதி 239 விஞ்ஞானிகள் ஆதரித்த பகிரங்கக் கடிதம், காற்றின் வழியான பரவலைக் கவனியுங்கள் என்று மன்றாடியது. காற்றோட்டம் குன்றிய உட்புறங்களில் நீண்ட நேரம் இருப்பதன் ஆபத்தை ஸ்தாபனம் தெளிவாகச் சொல்ல 2021 ஆகிவிட்டது. யன்னலற்ற அறையில் மணிக்கணக்காக நின்றவளுக்கு மே மாதத்தில் சொல்லியிருக்க வேண்டிய விடயம் அது. கதவுப் பிடியைத் துடை என்றவர்கள் காற்றை வடிகட்டும் இயந்திரத்தை வை என்று சொல்லவில்லை. அதனை அவள் அவ்வருட இலையுதிர் காலத்தில் தானே வாசித்தறிந்து, தன் பணத்தில் வாங்கி வைத்தாள்.

அப்போது அறிவியல் தெளிவாக இருக்கவில்லையே என்பார்கள். வேறெந்த நகரத்துக்கும் இந்தச் சாட்டைச் சொல்லலாம், ரொறன்ரோவுக்குச் சொல்ல முடியாது. 2003இல் சார்ஸ் நோய் அந்த நகரைத் தாக்கியது. கனடாவில் 44 பேர் மாண்டனர். இரு தாதியரும் ஒரு வைத்தியரும் அவர்களில் அடங்குவர். அதனை விசாரித்த நீதியரசர் ஆர்ச்சி கம்பெல்லின் ஆணைக்குழு 2006 டிசம்பரில் இறுதி அறிக்கையைக் கையளித்தது. ஆபத்தைக் குறைப்பதற்கு விஞ்ஞான நிச்சயம் வரும்வரை காத்திருக்கலாகாது, சந்தேகம் இருந்தால் தொழிலாளியின் பாதுகாப்பின் பக்கம் சாயுங்கள் என்பதே அதன் மையக்கருத்து. இறந்தவர்களின் மேல் நின்று எழுதப்பட்ட அறிக்கை அது. பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே மாகாணம் அதே பாடத்தில் மறுபடியும் தோற்றது. ஆணைக்குழு அறிக்கைகள் அலுமாரியில் உறங்குவது இலங்கைக்கு மாத்திரம் உரிய வழக்கம் என்று எண்ணியிருந்தேன். எம்மவர்களுக்குச் சிறிது ஆறுதல்.

இன்னொன்று. சார்ஸுக்குப் பின்னர், 2005இல், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் உயிரியல் அறவியல் நிலையம் பெருந்தொற்றுக்கான அறநெறிகளை வகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு நெறி 'பரஸ்பரக் கடமை'. சமூகத்துக்காக அளவுக்கு மீறிய சுமையை ஏற்பவர்களுக்கு, குறிப்பாகச் சுகாதாரத் தொழிலாளருக்கு, சமூகம் பதில் செய்யக் கடமைப்பட்டுள்ளது என்பது பொருள். 2020 மே மாதப் பணிப்புரையிலும் அதே சொல் இடம்பெற்றது! ஆனால் அங்கே அது சிகிச்சைக்காகக் காத்திருக்கும் நோயாளிகளுக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியிருந்தது. நோயாளிக்குக் கடமை உண்டு, நல்லது. அந்த நோயாளியின் மூச்சுக்கு ஓரடி தூரத்தில் நிற்பவளுக்கு? அவளைப் பற்றி அந்த நெறியில் ஒரு வரியும் இல்லை.

நிவாரணம் கொடுத்தார்களே என்று சிலர் எழுதுவார்கள். கொடுத்தார்கள். மத்திய அரசாங்கம் நான்கு வாரங்களுக்கு 2,000 டொலர் வீதம் வழங்கியது. எமது நாட்டில் அத்தகைய ஒன்றை நாம் கனவிலும் கண்டதில்லை. ஆனால் நிபந்தனையைக் கவனியுங்கள். அந்தக் காலப்பகுதியில் 1,000 டொலர் வரை உழைக்கலாம். அதைத் தாண்டினால் 2,000மும் இல்லை. மாகாண அரசு 'படிப்படியாகத் தொடங்கு' என்கிறது. மத்திய அரசின் விதியோ படியில் ஏறுபவனைப் பள்ளத்தில் தள்ளுகிறது. வாரத்துக்கு இருவர் மூவரை மட்டும் பார்த்து, முறைகளைப் பழகி, அச்சம் தெளிந்து மெல்லத் திரும்ப விரும்பியவருக்கு அந்த வழி அடைபட்டது. ஒன்றில் முற்றாக வீட்டில் இரு, அல்லது முற்றாக வேலைக்குப் போ. செப்டெம்பர் இறுதியில் வந்த மாற்றுத் திட்டத்தில் இந்தச் செங்குத்துப் பள்ளத்தை எடுத்துவிட்டார்கள். தவறு என்று தெரிந்துதானே எடுத்தார்கள்?

சுயதொழில் செய்பவர் இலாபத்தைப் போல நட்டத்தையும் தாமே ஏற்கவேண்டும் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். பலசரக்குக் கடைக்காரருக்கு அது பொருந்தலாம். இவர்களுக்குப் பொருந்தாது. யாருக்குக் கை வைக்கலாம், எப்படிக் குறிப்பு எழுதவேண்டும், எந்தப் பெயரைப் பலகையில் போடலாம் என்பதை எல்லாம் அரசு சட்டத்தால் கட்டியிருக்கிறது. அவர்களுடைய கல்லூரியின் சட்டக் கடமை பொதுமக்களைப் பாதுகாப்பது. அங்கத்தவருக்காகப் பேசுவது அதன் வேலையன்று. தவறினால் விசாரிக்க ஆள் உண்டு, நொடிந்தால் தாங்க ஆள் இல்லை. கட்டளையிடும்போது 'நீ சுகாதாரத் தொழிலாளி', கவசம் கேட்கும்போது 'நீ சுயதொழிலாளி'.

வரி வேண்டும்போது அவர்கள் மூன்றாவது வகையினர். கனடாவில் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் முள்ளந்தண்டு சீராக்கலுக்கும் விற்பனை வரி இல்லை. மசாஜ் சிகிச்சைக்கு ஒன்ராறியோவில் 13 வீதம். 2014இல் அக்குபங்சருக்கு விலக்குக் கொடுத்தார்கள், 2024இல் உளவளச் சிகிச்சைக்குக் கொடுத்தார்கள். பெருந்தொற்றில் மூச்சோடு மூச்சாக நின்றவர்களை இரண்டாவது தடவையும் தாண்டிப் போனார்கள்.

இந்தத் தொழிலுக்கு ஏன் இவ்வளவு பரிந்து பேசவேண்டும், அது பணக்காரரின் ஆடம்பரம்தானே என்று கேட்கும் அன்பர்கள் ஸ்காபரோவுக்குப் போய்ப் பார்க்கலாம். பண்டகசாலையில் பெட்டி தூக்கி முதுகு போனவர், முதியோர் இல்லத்தில் நோயாளியைப் புரட்டிப் புரட்டித் தோள் இறுகிப்போன எங்கள் பெண்கள், வாகன விபத்தில் கழுத்து திருகியவர்கள்தான் அந்தக் கட்டில்களில் படுத்திருப்பவர்கள். மாகாண மருத்துவக் காப்புறுதி இதற்கு ஒரு சதமும் தராது. தொழில் தருனர் வழங்கும் காப்புறுதியோ வேலை போனால் கூடவே போய்விடும். அந்த வசந்த காலத்தில் வேலை போனவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. வலி மட்டும் அவர்களோடு இருந்தது.

எல்லையின் மறுபுறம் இதைவிட மோசம் என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஆளுநர் பிரையன் கெம்ப் 2020 ஏப்ரல் 24ஆம் திகதியே மசாஜ் சிகிச்சையாளரைத் திரும்ப அனுமதித்தார். யாருடன் சேர்த்து? பௌலிங் விளையாட்டு மண்டபம், பச்சை குத்தும் நிலையம், நக அலங்காரம் ஆகியவற்றுடன். அவசரப்படுகிறார் என்று ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்பே அப்போது பகிரங்கமாக மறுப்புத் தெரிவித்தார் என்றால் வேறென்ன சொல்ல. ஜோர்ஜியா மாநிலமும் இவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தே வைத்திருக்கிறது. அனுமதிப்பத்திரத்தில் சிகிச்சை, அறிவித்தலில் பொழுதுபோக்கு.

ஆகவே திரும்பியே இருக்கக்கூடாது என்பது என் வாதமா? இல்லை. திரும்பியது சரி. பாதுகாப்பாகத் திரும்ப வழியும் இருந்தது. அதே மே மாதத்தில் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் முடிதிருத்துநர் இருவர், தமக்குத் தொற்று இருந்த நிலையில், 139 பேருக்கு வேலை செய்தனர். இரு தரப்பும் முகக்கவசம் அணிந்திருந்தது. பரிசோதனைக்கு உடன்பட்ட 67 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் ஜூலையில் இதனை வெளியிட்டது. முகக்கவசம் ஒன்றே இவ்வளவு செய்யுமென்றால், அரச செலவில் கவசமும், அறைக்கொரு காற்று வடிகட்டியும், பயந்தவர் மெல்லத் திரும்ப இடைக்கால உதவியும் சேர்ந்திருந்தால்? ஒன்ராறியோ போன்ற செல்வந்த மாகாணத்துக்கு அது பெரும் செலவல்ல. 2020 நவம்பர் 23இல் ரொறன்ரோ மீண்டும் மூடப்பட்டபோது சலூன்கள் அடைக்கப்பட்டன, அடுத்த ஜூன் இறுதிவரை திறக்கவில்லை. பதிவு பெற்ற மசாஜ் சிகிச்சையாளர் வேலையில் நின்றனர். அப்போது அவர்கள் வேண்டப்பட்டவர்கள் என்பது அரசுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்த பின்னரும் கவசத்துக்கான செலவு அவர்களுடையதாகவே இருந்தது.

2025 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அடுத்த நோய்க்கான ஆயத்தம் பற்றி நாடுகள் நிறையப் பேசுகின்றன. மருத்துவமனை, தடுப்பூசி, ஆய்வுகூடம் பற்றிய பேச்சு அது. வாடகை அறையில் தனித்து நின்று தொழில் செய்யும் சுகாதாரத் தொழிலாளிக்கு முதல் நாளிலேயே யார் முகக்கவசம் கொடுப்பது என்பதை ஒன்ராறியோ இப்போதே எழுத்தில் வைக்கலாம். அதற்கு ஜெனீவாவின் அனுமதி வேண்டியதில்லை.

நண்பரின் மகள் இன்னும் அதே தொழிலில் இருக்கிறாள். தற்போதைய அறைக்கு யன்னல் இருக்கிறதாம், அதற்காகவே வாடகை கூடக் கொடுக்கிறாள். ஒன்ராறியோவிலோ வேறெங்குமோ இத்தொழிலில் உள்ள வாசகர்கள் 2020இல் தமக்கு நேர்ந்ததை எழுதி அனுப்பினால், பெயர் குறிப்பிடாமல் வெளியிடச் சித்தமாயிருக்கிறேன். நான் கூறியதில் பிழை இருப்பின் அதையும் எழுதுங்கள்.