சலுகைக்கு உரியவர் யார்?

பெங்களூரின் காக்ஸ் டவுனில், தோட்டம் சூழ்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்து வருகின்றன. கண்டோன்மென்ட் காலந்தொட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் பகுதி இது. இங்கே வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு கணவனும் மனைவியும், சொந்த வீடு வாங்க 50 லட்சம் ரூபாய்க் கடன் கேட்டு ஒரு வங்கிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். “பெண் விண்ணப்பதாரருக்கு வட்டிச் சலுகை உண்டு, மனைவியின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்ற ஆலோசனை கிடைக்கிறது. கணவர் மகிழ்கிறார். மனைவி காட்டிய இடங்களிலெல்லாம் கையொப்பமிடுகிறார். கிரயப் பத்திரமோ கணவர் பெயரில் மட்டும் பதிவாகிறது.

இதில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டுக் கடனில் பெண்களுக்கான சலுகை பெரும்பாலும் 0.05 சதவீதம் என்ற அளவில் இருப்பது வழக்கம். வட்டி 8.50 சதவீதத்திலிருந்து 8.45 சதவீதமாகக் குறைகிறது எனக் கொண்டால், 20 ஆண்டுக் கடனுக்கான மாதத் தவணை ஏறத்தாழ 43,391 ரூபாயிலிருந்து 43,233 ரூபாயாகக் குறையும். மாதம் 158 ரூபாய். 20 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 38,000 ரூபாய் மிச்சம். இது அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த நன்மை.

அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 43ஆம் பிரிவின்படி, பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி அளித்தால், மாறான உடன்பாடு இல்லாத நிலையில், அவர்களில் எவரிடமிருந்தும் முழுவதையும் கோரலாம். அதாவது கடனின் ஒவ்வொரு ரூபாய்க்கும் மனைவி பொறுப்பாளி. வீட்டின் ஒரு செங்கலுக்கும் அவர் உரிமையாளர் அல்லர். தவணை தவறினால் அவருடைய கடன் வரலாறும் பாதிக்கப்படும். நாளை தம் பெயரில் ஒரு சிறு தொழிற்கடன் கேட்டுச் சென்றாலும், இந்த 50 லட்சம் அவருக்கு முன்னதாகவே அங்கு சென்று அமர்ந்திருக்கும். பெண்ணுக்கென்று வழங்கப்பட்ட சலுகை அவருக்குச் சுமையை மட்டும் தந்திருக்கிறது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. யாரும் விதியை மீறவும் இல்லை. குறை, ‘பெண் விண்ணப்பதாரர்’ என்ற சொல்லின் வரையறையில் இருக்கிறது. சில வங்கிகள், சொத்தின் தனி உரிமையாளராகவோ கூட்டு உரிமையாளராகவோ இருக்கும் பெண் என்று வரையறுக்கின்றன. சில, கடன் மனுவில் அவர் முதல் விண்ணப்பதாரராக இருக்க வேண்டும் என்கின்றன. வேறு சிலவற்றில் இணை விண்ணப்பதாரராக இருந்தாலே போதும். விளம்பரத்தில் மூன்றும் ஒரே வாசகமாகத் தோன்றும். விளைவில் மூன்றும் வேறு வேறு. வீட்டின் உரிமையாளர்கள் அனைவரும் கடனில் கையொப்பமிட வேண்டும் என்று வங்கிகள் பொதுவாகக் கேட்கும். கடனில் கையொப்பமிடுவோர் அனைவரும் உரிமையாளராக வேண்டும் என்று கேட்பதில்லை. இடைவெளி அங்கேதான் உண்டாகிறது.

முன்னுரிமை என்பது கருணை அன்று. அது ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை. ஆகவே யாருக்கு, எந்த நிலையில், எதுவரை என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கும் மேலாக, யாருடைய பெயரால் சலுகை வழங்கப்படுகிறதோ அவரிடம் அதன் பயன் சென்று சேரும்படி வரையறை அமைய வேண்டும் என்பதே என் கருத்து.

இது நடைமுறைக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பு அன்று. அரசுத் திட்டங்களிலேயே இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. 2016 ஏப்ரல் 5 அன்று தொடங்கப்பட்ட ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர் புதிய தொழில் தொடங்க 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு வழிவகுத்தது. நிறுவனமாக விண்ணப்பித்தால், பங்குகளில் குறைந்தது 51 சதவீதமும் கட்டுப்படுத்தும் உரிமையும் அப்பிரிவினரிடம் இருக்க வேண்டும் என்று அது நிபந்தனை விதித்தது. பெயரை மட்டும் இரவல் கொடுப்பவருக்கு அங்கே இடமில்லை. நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்திலும், குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான வட்டி மானியத்தில், வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. அங்கே சலுகை, மனுவைத் தாண்டிப் பத்திரம் வரை சென்றது.

வரையறை இறுக்கமாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு படிப்பினை உண்டு. மகாராஷ்டிர அரசு 2021இல், பெண்கள் பெயரில் வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வையில் 1 சதவீதச் சலுகை அளித்தது. ஆனால் அவ்வீட்டை 15 ஆண்டுகளுக்கு ஓர் ஆணுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் உடனிருந்தது. பெண்ணின் பெயரைப் பயன்படுத்திப் பிறர் ஆதாயம் அடைவதைத் தடுக்க எண்ணிய அந்நிபந்தனை, தம் சொத்தைத் தாம் விரும்பியவருக்கு விற்கும் பெண்ணின் உரிமையையே முடக்கியது. 2023இல் அது நீக்கப்பட்டது. தளர்ந்த வரையறை பெண்ணைப் பெயரளவில் நிறுத்துகிறது. மிகையான வரையறை அவர் கையைக் கட்டுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல வரையறை எளியது: சலுகை பெறுபவர் உரிமையாளராக இருக்க வேண்டும், உரிமையாளரானபின் மற்ற உரிமையாளருக்கு உள்ள சுதந்திரம் அவருக்கும் இருக்க வேண்டும்.

எதுவரை என்ற கேள்வியையும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சம்பளக் கணக்கு தம்மிடம் இருந்தால் வட்டியில் சலுகை என்று சில ஒப்பந்தங்கள் கூறுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை வேலை மாறுவது பெங்களூரில் இயல்பு. புதிய நிறுவனம் வேறு வங்கியில் சம்பளம் செலுத்தினால் சலுகை என்னவாகும்? பெண்ணுக்கான சலுகையில், மணமுறிவாலோ மரணத்தாலோ கடனாளிகள் மாறினால் என்னவாகும்? விடை அனுமதிக் கடிதத்தின் ஒரு வரியில் இருக்கக்கூடும், இல்லாமலும் போகக்கூடும். நல்லுறவு நிலவும் நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

இதற்கு மறுப்புகளும் உண்டு. பத்திரத்தையும் சேர்த்துக் கேட்டால் பல குடும்பங்கள் சலுகையை இழக்கும் என்பர் சிலர். வீடு கணவனின் தந்தை தந்த மனையில் எழும்போது மருமகளை உரிமையாளராக்குவது எளிதன்று என்பதும் உண்மை. ஆனால் அத்தகைய குடும்பம் இழப்பது மாதம் 158 ரூபாய். மாறாக, அச்சலுகையைக் காரணமாகக் கொண்டு உரிமையற்ற ஒரு பெண் 50 லட்சம் ரூபாய்க்குப் பொறுப்பேற்பது அதைவிடப் பெரிய விலை. வருமானத் தகுதிக்காக அவர் கையொப்பம் தேவைப்படுமானால், அதை அவ்வாறே கூறிக் கேட்கலாம். சலுகை என்ற பெயர் அதற்கு வேண்டாம்.

வங்கிகள் தாமாக வரையறையைத் திருத்தும்வரை நம் கையில் ஒரு கருவி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டுள்ளது. கடனாளிக்குப் புரியும் மொழியில் அது எழுதப்பட வேண்டும். அதன் உள்ளடக்கத்தை விளக்கிச் சொல்லி, புரிந்துகொண்டதற்கான ஒப்புதலையும் பெற வேண்டும். வீட்டுக் கடன் போன்ற நீண்டகாலக் கடன்களில், அதைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் உண்டு. காக்ஸ் டவுனில் வாழும் தமிழர் ஒருவர் ஆங்கிலத்தாளில் கையொப்பமிட்டுவிட்டுப் பின்னர் பொருள் தேட வேண்டியதில்லை. தமிழில் தருமாறு முதலிலேயே கேட்கலாம்.

அந்த மூன்று நாட்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து நான்கு கேள்விகளுக்கு விடை தேடட்டும். இச்சலுகை யார் பெயரால் தரப்படுகிறது? அவர் கடனாளி மட்டுமா, உரிமையாளருமா? எந்த மாற்றம் நேர்ந்தால் சலுகை நீங்கும்? நீங்கினால் தவணை எவ்வளவு உயரும்? விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

அதன்பின் இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்லட்டும். கடனில் இரண்டு கையொப்பங்கள் இருக்குமானால், பத்திரத்திலும் இரண்டு பெயர்கள் இருப்பதே முறை.