குறி தவறாத அம்பு எதற்கு?

மனித உடலில் கைனேஸ் நொதிகள் 500-க்கும் மேல். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துப் புரதத்தில் ஒட்டுவதே பெரும்பாலானவற்றின் வேலை. எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்பதில்தான் ஒவ்வொன்றும் தனித்து நிற்கிறது. ஆனால் பெரும்பாலான மருந்துகள் போய் அடைப்பது அந்தத் தனித்தன்மை உள்ள இடத்தை அல்ல, எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கும் ஏடிபி குழியை. பிறகு ஒன்றை மட்டும் தடுக்கும் மருந்து வேண்டும் என்று அடம்பிடிப்பதில் என்ன நியாயம்? 2001-ல் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப், குறி தவறாத அம்பாகவே கொண்டாடப்பட்டது. அந்தப் புற்றுநோயைத் தூண்டும் ஏபிஎல் நொதி ஓய்ந்திருக்கும் வடிவத்தைப் பற்றிக்கொள்வது அதன் சாமர்த்தியம். ஆனாலும் அது கிட் என்ற நொதியையும் தடுக்கிறது. அந்தக் 'குறை'யால்தான் மறு ஆண்டே, பெரும்பாலும் கிட் தூண்டும் ஜிஸ்ட் எனப்படும் இரைப்பை, குடல் கட்டிக்கும் மருந்தானது.

பல நொதிகளைத் தொட்டால் பக்கவிளைவு கூடாதா என்று கேட்கலாம். கூடும்தான், பல கைனேஸ்களைத் தடுக்கும் சுனிட்டினிப் என்ற மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும். ஆனால் நுட்பமான பிடிப்புக்கும் ஒரு விலை உண்டு: ஏபிஎல்லின் 315-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே இமாட்டினிப் தோற்றுவிடும். அந்த மாற்றத்தையும் மீறி வேலை செய்யும் பொனாட்டினிப் பல கைனேஸ்களைத் தடுப்பது, ரத்தக்குழாய் அடைப்பு அபாயமும் கொண்டது. எனவே மருந்து எத்தனை நொதிகளைத் தொடுகிறது என்று எண்ணுவதைவிட, எவற்றை, எந்த நோயாளியிடம் என்று கேட்பதே பொருத்தம்.