செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?



மோட்டார் சைக்கிள் பந்தய வீரன் ஒருவன் அணி மாறினால் போதும். மாமாக் கடைத் தொலைக்காட்சியின் முன்னே ஒரு நீதிமன்றம் கூடிவிடுகின்றது. "வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது" என்பார் ஒருவர். "செஞ்சோற்றுக் கடன் தீர்த்த கர்ணன் எங்கே, இவன் எங்கே?" என்பார் மற்றொருவர். குற்றவாளியின் தரப்பைக் கேளாமலே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும்.

வகுப்பறையில் செய்ந்நன்றி அறிதலைக் கற்பிப்பவன் நான். அதனாலேயே அச்சொல் இப்படித் தவறான இடத்தில் பயன்படுத்தப்படுவதைக் காணப் பொறுக்கவில்லை. ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

ஸ்பெயின் நாட்டு வீரர் மேவரிக் வின்யாலெஸ் 1995ஆம் ஆண்டு பிறந்தவர். 2015இல் சுசுகி நிறுவனத்தின் சொந்த அணியில் சேர்ந்து மோட்டோஜிபி பந்தயத்தில் காலடி வைத்தார். மறு ஆண்டு ஜோர்ஜ் லோரென்சோ யமஹாவை விட்டு டுகாட்டிக்குச் செல்ல முடிவெடுத்தார். யமஹாவில் காலியாகவிருந்த அந்த இடத்திற்கு 2017 முதல் செல்வதாக வின்யாலெஸ் 2016 மே மாதத்தில் இசைந்தார். அப்போது அவருக்கு வயது 21. உடனே எழுந்தது கூச்சல்: "தூக்கிவிட்ட சுசுகியைக் கைகழுவினான்!"

பிரிவை அறிவித்த பின் அவர் என்ன செய்தார்? கடமைக்கு வண்டியோட்டிக் காலங்கழித்தாரா? இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில் சுசுகிக்கு முதலிடம் பெற்றுத் தந்தார். 2007க்குப் பின் அந்நிறுவனம் இவ்வகைப் பந்தயத்தில் கண்ட முதல் வெற்றி அது. ஒன்பதாண்டு வறட்சியைத் தீர்த்துவைத்தவன், போவதென்று முடிவெடுத்துவிட்ட அந்த இளைஞனே! உண்ட சோற்றுக்கு இதைவிட எப்படிக் கணக்குத் தீர்ப்பது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வின்யாலெஸைத் தூற்றுவோரில் பலர் வலென்டினோ ரோஸியைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்கள். அவர் என்ன செய்தார்? 2001, 2002, 2003 என மூன்று ஆண்டுகள் ஹொண்டா வண்டியில் உலக வெற்றியாளராகி, உடனே எதிரணியான யமஹாவுக்குப் போனார். ஒப்பந்தம் முடியும்வரை ஹொண்டா அவரை விடவில்லை, அவரும் காத்திருந்தார். 2004 சனவரியில் நம் சிப்பாங் களத்தில்தான் யமஹா வண்டியில் முதன்முதலாகப் பயிற்சி ஓட்டம் ஓடினார். ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் நடந்த முதற்பந்தயத்தையே வென்றார். ஆண்டிறுதியில் பட்டத்தையும் வென்றார். ரோஸி செய்தால் துணிவு, வின்யாலெஸ் செய்தால் துரோகம் என்பது எந்த ஊர் நீதி?

"பொறுத்திருந்தால் சுசுகியில் பட்டமே கிடைத்திருக்குமே! 2020இல் ஜோன் மிர் வெல்லவில்லையா?" என்று கேட்போர் உண்டு. கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். யமஹாவில் முதல் இரண்டு பந்தயங்களை வென்றும், 2019இல் சிப்பாங்கிலேயே வென்றும், அவரால் மோட்டோஜிபி பட்டத்தைப் பெற இயலவில்லை என்பது உண்மைதான். ஆனால், ஒரு முடிவு இலாபந் தந்ததா என்பது வேறு. அது அறமானதா என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது கணக்குப்பிள்ளையின் வேலை, நீதிபதியின் வேலையன்று.

சரி, அந்தப் பட்டத்தை ஈட்டித்தந்த மிர் என்ன ஆனார்? இங்கேதான் நன்றியுரை நிகழ்த்துவோர் வாயடைத்துப் போகின்றனர். 2026 வரை பந்தயத்தில் நீடிப்பதாக ஒப்பமிட்டிருந்த சுசுகி, 2022ஆம் ஆண்டோடு விலகுவதாக அவ்வாண்டின் நடுவிலேயே தெரிவித்துவிட்டது. உலக வெற்றியாளரான மிரும், உடன் ஓட்டிய அலெக்ஸ் ரின்ஸும் வேறு அணி தேடினர். இயந்திரம் பூட்டிய தொழிலாளரும் வேலை தேடினர். விலகல் தெரிந்த பின்னரும் ரின்ஸ் ஆஸ்திரேலியாவிலும், கடைசிப் பந்தயமான வலென்சியாவிலும் சுசுகிக்கு வெற்றி தந்தார். கடன் தீர்த்தவர் யார்? கைவிட்டவர் யார்?

கர்ணனை இழுத்தோரே, கதையை முழுதும் படியுங்கள். கர்ணன் துரியோதனனுக்காக உயிர் கொடுத்தான், உண்மை. ஆனால் துரியோதனனும் கர்ணனைக் கடைசிவரை கைவிடவில்லை. "செலவு மிகுந்துவிட்டது, பதினைந்தாம் நாளோடு போரை முடித்துக்கொள்கிறேன், நீ வேறு அரசனைப் பார்த்துக்கொள்" என்று அவன் சொன்னானா? இருவர் தாங்க வேண்டிய நுகத்தை ஒருவன் கழுத்தில் மட்டும் ஏற்றுவதற்குப் பெயர் நன்றியன்று, அடிமைத்தனம்.

வின்யாலெஸ் பிழையே செய்யாதவரென நான் வாதிடவில்லை. 2012இல், பதினேழு வயதில், இளையோர் பிரிவில் இரண்டாமிடத்தில் இருந்தபோது, இதே சிப்பாங்கில் பந்தய நாளுக்கு முன்பே தம் அணியைவிட்டு வெளியேறினார். அது தவறு, பின்னர் அவரே வருந்தித் திரும்பினார். 2021இல் ஆஸ்திரியாவில் இயந்திரத்தை முறையின்றி இயக்கியதாக யமஹா அவரை இடைநீக்கம் செய்தது. ஆண்டு முடியும் முன்பே உறவு முறிந்தது. அதுவும் பெருமைக்குரியதன்று. இவற்றுக்காக அவரைக் கண்டியுங்கள். நானும் உடன் நிற்பேன்.

ஆனால், கொடுத்த வாக்கின் நடுவே ஓடுவதும், வாக்கை நிறைவேற்றி விடைபெறுவதும் ஒன்றல்ல. 2016இல் அவர் செய்தது இரண்டாவது. 2022இல் சுசுகி செய்தது முதலாவது. முன்னதை நன்றிகேடு என்றும், பின்னதை வணிக முடிவு என்றும் அழைப்பதுதான் என்னைச் சினங்கொள்ளச் செய்கின்றது.

நம் பிள்ளைகளும் நாளை வேலைக்குச் செல்வர். "இத்தனை ஆண்டு சோறு போட்டோமே" என்னும் சொல்லை முதலாளிகளின் வாயிலிருந்து அவர்களும் கேட்பர். அன்று அவர்கள் கூசித் தலைகுனியலாகாது. ஏற்ற பணியை இறுதி நாள்வரை குறைவின்றிச் செய். பின் தலைநிமிர்ந்து விடைபெறு. இதுவே நன்றி. இதற்கு மேல் கேட்பவர், தாமும் அவ்வாறே நடப்பாரா என்று முதலில் கேட்டுப்பாருங்கள்.