அவையறிந்து இசைப்போர்

பாடுபவரை நாம் போற்றுகிறோம். நாதசுர வித்துவானுக்குச் சால்வை போர்த்து மகிழ்கிறோம். ஆனால், பிறர் பாடிய பாட்டைப் பெட்டியிற் கொண்டுவந்து கொண்டாட்ட வீட்டில் ஒலிக்கச் செய்பவரை எவ்வரிசையில் வைப்பது? கலியாணச் செலவுக் கணக்கிலே கதிரை மேசை வாடகைக்குப் பின்னர்தான் அவர் பெயர் வருகிறது. விருந்து முடிந்தபின் அவர் உண்டாரா என்று விசாரிப்பாரும் அரியர். இன்று நம் இளைஞருட் சிலர் இதனையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள விரும்புகின்றனர். “பிறர் பாட்டைப் போடுவதும் ஒரு தொழிலா?” என்று பெற்றோர் வினவுகின்றனர். இவ்வினா நகையாடித் தள்ளத்தக்கதன்று, நிதானமாக ஆராயத்தக்கது.

டீ.ஜே. என இன்று வழங்கும் பெயர் ‘டிஸ்க் ஜொக்கி’ என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும். டிஸ்க் என்பது இசைத்தட்டு. ஜொக்கி என்பவர் பந்தயக் குதிரையைச் செலுத்துபவர். 1930களில் அமெரிக்க வானொலி நிலையங்களிலே இசைத்தட்டுகளை ஒலிபரப்பி, இடையிடையே நேயர்களுடன் உரையாடுவதுபோலப் பேசிய அறிவிப்பாளர்களைக் குறித்து எழுந்த பெயர் அது. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களைக் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களுக்கு அவ்வகைப் பணி புதியதன்று. ஆயினும் வானொலி அறிவிப்பாளர் மூடிய அறைக்குள் இருந்து இசைப்பவர். கேட்போரின் முகம் அவருக்குத் தெரியாது. லொறியிலே கருவிகளை ஏற்றிக்கொண்டு மண்டபம் மண்டபமாய்ச் செல்பவரோ, கேட்போரின் முகத்தை நேரே பார்த்து இசைப்பவர். இவ்வொரு வேறுபாட்டிலேதான் அவருடைய தொழில் முழுவதும் அடங்கியுள்ளது.

இத்தொழிலின் வரலாற்றை அறிய வேண்டுமாயின், ஜமேக்காத் தீவின் தலைநகராகிய கிங்ஸ்டனுக்குச் செல்ல வேண்டும். 1940களின் பிற்பகுதியில் அந்நகரின் ஏழை மக்களுக்கு வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமில்லை. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோரும் சிலரே. அந்நிலையில் இசைத்தட்டுக் கருவியையும், அலுமாரியளவு பெரிய ஒலிபெருக்கிகளையும் ஏற்றிச் சென்று, திறந்த வெளிகளில் இரவு நடனங்களை நடத்தும் வழக்கம் தோன்றிற்று. முன்னோடிகளுள் ஒருவரான டொம் வொங் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். டியூக் றீட் என்பவர் பொலிஸ் சேவையிலிருந்து விலகி மதுபானக் கடை நடத்தியவர். கொக்ஸன் டொட் என்பவரோ அமெரிக்கத் தோட்டங்களிற் பருவக் கூலியாக உழைத்து, திரும்பும்போது இசைத்தட்டுகளை வாங்கிவந்தவர். நுழைவுக் கட்டணமும் குடிவகை விற்பனையுமே இவர்களின் வருவாய். போட்டி மிகக் கடுமையாக இருந்தது. கூட்டத்தைக் கவர்ந்த தட்டு எதுவென்று எதிராளி அறியாதிருக்கும்பொருட்டு, தட்டின் நடுவில் ஒட்டியிருந்த பெயர்த்தாளைச் சுரண்டி எடுத்துவிடுவார்களாம்!

பின்னர் நிகழ்ந்தது கருதத்தக்கது. தம் மக்கள் விரும்பிய வகை இசைத்தட்டுகள் அமெரிக்காவிலிருந்து வருவது அருகியபோது, டொட்டும் றீட்டும் 1950களின் இறுதியில் உள்ளூர்க் கலைஞரைப் பாடவைத்துத் தாமே ஒலிப்பதிவு செய்யலாயினர். 1963இல் டொட் தமது சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். ஸ்கா, றொக்ஸ்டெடி, றெகே என உலகறிந்த இசைவகைகள் இவ்வாறு வளர்ந்தன. பிறர் பாட்டைப் போட்டுப் பிழைத்தவர்களே ஒரு நாட்டின் இசைக்கு வழிகோலினர் என்பது மிகையாகாது.

அதே கிங்ஸ்டனில் 1955இல் பிறந்த கிளைவ் காம்பெல் என்னும் சிறுவன், 1967இல் நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியிற் குடியேறினான். 1973 ஓகஸ்ட் 11ஆம் நாள், புதிய கல்வியாண்டுக்கு உடை வாங்கப் பணம் சேர்க்கும்பொருட்டு அவனுடைய தங்கை தம் குடியிருப்புக் கட்டடத்தில் ஒரு விருந்து நடத்தினாள். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் கட்டணம். இசைத்தட்டு இசைத்தவன் பதினெட்டு வயதுத் தமையன். பாட்டின் நடுவே பாடல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை அவன் கவனித்திருந்தான். ஒரே தட்டின் இரு பிரதிகளை இரு கருவிகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடிந்ததும் மற்றதில் அதனைத் தொடங்கி, அச்சில விநாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டும் முறையைக் கண்டான். கூல் ஹேர்க் எனப் பின்னர் புகழ்பெற்ற அவன் நடத்திய அந்த விருந்தையே ஹிப்ஹொப் இசையின் பிறப்பாகப் பலர் கொள்கின்றனர். கூட்டத்தைக் கூர்ந்து நோக்கியவனுக்குக் கிடைத்த பரிசு அது.

சொல்வன்மை உடையோர் அறியவேண்டியது யாதென எண்ணிய வள்ளுவர், அவையறிதல் என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அது பேசுவோர்க்கு மட்டும் உரியதன்று, இசைப்போர்க்கும் உரியது.

இத்தொழிலை முறையாகச் செய்பவரின் வேலை, விழாவுக்குப் பல நாட்கள் முன்னரே தொடங்குகிறது. வீட்டாருடன் அமர்ந்து, மணமக்கள் எப்போது நுழைவர், உரை எப்போது, உணவு எப்போது என்று அறிகிறார். எப்பாட்டு வேண்டும் என்பதோடு, எப்பாட்டு வேண்டாம் என்பதையும் கேட்கிறார். அண்மையிலே தந்தையை இழந்த குடும்பமாயின், அவர் நாளும் விரும்பிக் கேட்ட பாட்டு எதிர்பாராமல் ஒலிக்கும்போது தாயின் கண் கலங்கும் அல்லவா? விழா நாளில் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்று, மண்டபத்தின் மின்சாரம் கருவிகளைத் தாங்குமா என்று பார்க்கிறார். குழந்தைகள் தடுக்கி விழாதபடி வயர்களை நிலத்தோடு ஒட்டுகிறார். ஒரு கணினி பழுதுபட்டால் உதவ மற்றொன்றை ஆயத்தமாக வைக்கிறார். வெறும் மண்டபத்திற் சீர்செய்த ஒலி, மக்கள் நிறைந்தபின் மாறிவிடும். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதே காரணம். ஆதலின் மீண்டும் செவிகொடுத்துச் சீர்செய்தல் வேண்டும். உணவு வேளையில், எதிரே இருப்பவருடன் குரலுயர்த்தாமற் பேசுமளவுக்கு இசையைத் தணிப்பதும் அவர் கடமையே.

வருவாயைப் பற்றியும் மாணவர்கள் மயக்கமின்றி அறிதல் நன்று. முகூர்த்த நாட்களில் ஓய்வின்றி வேலை. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் வீடுகளிற் கலியாணமே இல்லை. கருவிகளோ பிறநாட்டிலிருந்து வருபவை, விலை மிக்கவை. எனவே முற்பணம் பெறுதல், உடன்படிக்கையை எழுத்தில் வைத்தல், கணக்கெழுதுதல் ஆகியவற்றையும் கற்றாக வேண்டும். பணங்கொடுத்து வாங்கிய பாட்டாயினும், அதனைப் பொதுவிடத்தில் ஒலிக்கச் செய்யும் உரிமை ஆக்கியோருடையது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவ்வுரிமையைக் காக்கின்றது. பிறர் உழைப்பால் வாழும் தொழில், பிறர் உரிமையை மதிக்க வேண்டாமா?

இனி, அயலவரின் முறைப்பாட்டுக்கு வருவோம். ஒலி 3 டெசிபல் உயருந்தோறும் அதன் ஆற்றல் இருமடங்காகிறது. தொழிலாளர் நலத்தை ஆராயும் அமெரிக்க அரச நிறுவனம், 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரையிலேயே கேட்கலாம் என வரையறுத்துள்ளது. அக்கணக்கின்படி 100 டெசிபல் ஒலிக்கு உரிய நேரம் 15 நிமிடம் மாத்திரமே. இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் ஒலியின் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரம்பு கூறிற்று. நம் நாட்டு உயர் நீதிமன்றமும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது என 2007இல் கட்டளையிட்டது. அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், நோயாளி இருக்கலாம். அவர்களும் அவையைச் சேர்ந்தவர்களே. அழைப்பிதழ் பெறாத அவையினர்! அன்றியும், ஒலிபெருக்கியருகே இரவிரவாக நிற்கும் டீ.ஜே.யின் செவியே முதலிற் கெடும். செவி கெட்டபின் இத்தொழில் ஏது?

பதிவிசை வந்து நம் நாதசுர, தவில் கலைஞரின் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் உண்டு. அது ஆதாரமற்றதன்று. தாலி கட்டும் வேளையை எண்ணிப் பாருங்கள். மணமகனின் கை எழுவதையும் பெரியோர் காட்டும் குறிப்பையும் தவில்காரரின் கண் தொடர்ந்துகொண்டே இருக்கிறது; அக்கணத்திலே கெட்டிமேளம் முழங்குகிறது. பதிவுசெய்த மேளத்துக்குக் கண் இல்லை. அவ்வேளை கலைஞருக்கே உரியதென்று விலகி நின்று, மாலை வரவேற்புபசாரத்திலே தம் பங்கை ஆற்றுபவரே அவையறிந்த டீ.ஜே. ஆவார். தவில்காரரின் அந்தக் கண் அவருக்கும் வாய்க்குமாயின், அவர் செய்வதும் கலையே.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்தொழிலை நாடினால், எத்தனை பாட்டுச் சேர்த்து வைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டாம். பாட்டி செவியைப் பொத்துவதைக் கண்டதும் அவன் கை தானாக ஒலியைத் தணிக்கிறதா என்று பாருங்கள். தணிக்குமாயின், அவனை வாழ்த்தி அனுப்பலாம். வேலை முடிந்த பின், அவனுக்கும் ஒரு பந்தியில் இடம் போடுவோமாக.