வேகவதிக் கரையில் யார் ஆக்கிரமிப்பாளர்?

ஆற்றங்கரையில் வீடு இருப்பது நல்லதா, கெட்டதா? ரியல் எஸ்டேட்காரரைக் கேளுங்கள். ‘ரிவர் வியூ’ என்று சொல்லி சதுர அடிக்கு நூறு இருநூறு கூட்டிப் போடுவார். வருவாய்த் துறையைக் கேளுங்கள். ‘நீர்நிலைப் புறம்போக்கு, ஆக்கிரமிப்பு’ என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். இருவரும் பேசுவது ஒரே ஆற்றைப் பற்றித்தான். கரையில் குடியிருப்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. சின்ன காஞ்சிபுரத்தில் வேலை செய்கிற நாங்கள் இதை எங்கள் வேகவதியை வைத்தே பேச விரும்புகிறோம்.

வேகவதி தாமல் ஏரிப் பக்கமிருந்து வந்து, காஞ்சிபுரம் நகரைத் தொட்டுக்கொண்டு போய், திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் சேர்கிறது. இந்த ஆற்றுக்கு ஒரு தலபுராணம் உண்டு. பிரம்மா நடத்திய யாகத்தை அழிக்க சரஸ்வதி வேகவதியாகப் பெருக்கெடுத்து வந்தாளாம். பெருமாள் ஆற்றுக்குக் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தாராம். சின்ன காஞ்சிபுரத்து யதோத்தகாரி கோயில் அந்தக் கதையில்தான் நிற்கிறது. கடவுள் ஆற்றுக்குக் குறுக்கே படுத்தால் அது தலபுராணம். தறிக்கூலிக்காரர் ஆற்றோரம் பாய் விரித்துப் படுத்தால் அது ஆக்கிரமிப்பு. நம் ஊரில் நிலத்தின் பெயர்கள் இப்படித்தான் முடிவாகின்றன.

ஆற்றங்கரைக்கு உண்மையிலேயே ஒரு மதிப்பு இருக்கிறது. அதை முதலில் ஒத்துக்கொள்வோம். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கட்டடங்கள் நெருங்கி நிற்கும் ஊரில் ஆறு ஒரு திறந்த வாய்க்கால். காற்று தடையில்லாமல் வர ஒரு வழி. கரையில் மரமும் இருந்தால் நிழலும் சேரும். தென்கொரியாவின் சியோல் நகரில் சியோங்கியேசியோன் என்ற ஓடையைக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே உயர்மட்டச் சாலை கட்டியிருந்தார்கள். அந்தச் சாலையை இடித்து, 2005இல் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திரும்பத் திறந்தார்கள். பக்கத்துச் சாலையோடு ஒப்பிட்டால் ஓடையோரம் கோடையில் 3.3 முதல் 5.9 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் குறைவாக இருந்ததாக அளந்து சொன்னார்கள். கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே, கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் காஞ்சிபுரத்துக்கு அப்படி ஒரு ஆறு எவ்வளவு பெரிய சொத்து!

ஆனால் இந்தக் குளிர்ச்சி வேகவதிக் கரையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கிறதா? ஆற்றில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஓடுவது மழைநீர் அல்ல, ஊரின் சாக்கடை. அதோடு பட்டுக்குச் சாயம் போட்ட கழிவுநீரும் சேர்கிறது. உலகமே தொட்டுப் பார்த்து வாங்கும் காஞ்சிபுரம் பட்டின் நிறம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைக் கரையில் நின்றால் பார்க்கலாம். நாற்றமும் கொசுவும் இருக்கும் இடத்தில் யார் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள்? ஆறு கொடுக்க வேண்டிய காற்றை வீட்டுக்குள் விடவே முடியாது. மேலே தகரம், அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பகல் முழுக்க வாங்கிய சூட்டை அது வீட்டுக்குள் இறக்குகிறது. தறியிலும் கட்டட வேலையிலும் உழைத்துவிட்டு வந்த உடம்புக்கு இரவிலும் ஓய்வில்லை. ஆறு பக்கத்தில் இருந்தும் புழுங்குகிறது என்றால், ஊர் செய்த வேலை அது.

மழைக்காலத்தில் கணக்கு வேறு விதமாக வரும். 2015லும் 2021லும் வெள்ளம் வந்தபோது வேகவதியோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வந்தது வெறும் தண்ணீர் இல்லை, சாக்கடை கலந்த தண்ணீர். குழித்தறி வைத்திருப்பவர் வீட்டில் குழிக்குள் நீர் ஊறினால் பாவு கெடும், வேலை நிற்கும், வேலை நின்றால் கூலி நிற்கும். கோடையில் குளிர்ச்சி இல்லை, மழையில் பாதுகாப்பு இல்லை. ஆற்றின் நன்மை விலையாக மாறி யாரோ ஒருவருக்குப் போகிறது. ஆற்றின் ஆபத்து மட்டும் ஏழைக்கு இலவசம்.

பள்ளத்தில் மக்கள் குடியேறியது ஏதோ அறியாமையால் என்று சிலர் சொல்வார்கள். சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ஊருக்கு மேட்டுநிலம், சேரிக்குப் பள்ளம் என்று இந்த நிலத்தைப் பிரித்தது யார்? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் தந்த அறிக்கையை எடுத்துப் படியுங்கள். காஞ்சிபுரமும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பறையர் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்ற நிலையை அவர் பதிவு செய்தார். அதன் பிறகுதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலமும் கைமாறிப் போனது. அதை மீட்கப் போன காரணைப் போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு உயிர்களைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தோம். பட்டா கிடைக்கிற இடத்தில் நம்மை இருக்க விடவில்லை. பட்டா கிடைக்காத இடத்தில் இருந்தால் ஆக்கிரமிப்பாளர் என்கிறார்கள்.

வேகவதிக் கரையில் இருப்பவர்கள் எல்லோரும் தலித்துகள் அல்ல என்பதையும் சொல்லிவிடுவோம். பல சாதிகளைச் சேர்ந்த கூலிக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் இது சாதிப் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது. ஊரின் கழிவை எந்தப் பக்கம் தள்ளுவது, அந்தப் பக்கத்தில் இருப்பவரை எப்படி மதிப்பது என்று இந்தச் சமூகத்துக்குச் சொல்லிக் கொடுத்தது சாதிதான். 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல. பொதுத் தண்ணீரில் யாருக்குப் பங்கு என்ற கேள்விக்காக. அந்தக் கேள்வி வேகவதியிலும் அப்படியே நிற்கிறது.

அரசு என்ன செய்தது? வேகவதி ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்காக நகருக்கு வெளியே கீழ்கதிர்ப்பூரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளைக் குடிசை மாற்று வாரியம் கட்டியது. இன்று அந்த வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். வெள்ளம் வரும் கரையில் குழந்தை குட்டிகளோடு இருப்பது ஆபத்து என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. கான்கிரீட் வீடு வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் பட்டுத் தொழில் நகருக்குள் இருக்கிறது. வீட்டு வேலை, கடை வேலை, சந்தை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் நகருக்குள் இருக்கின்றன. மாடி வீட்டில் குழித்தறி போட முடியாது. தினம் பஸ்ஸுக்குப் போகும் காசும் நேரமும் யார் கணக்கில் சேரும்? போக மாட்டோம் என்று சொல்கிற குடும்பங்களைப் பிடிவாதக்காரர்கள் என்று பேசுவது சுலபம். அவர்கள் போடுவது வயிற்றுக் கணக்கு.

சென்னையில் இந்தக் கதை முன்பே நடந்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. அங்கேயும் மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது. அதே அடையாற்றின் கரையில் போட் கிளப் பகுதி நாட்டிலேயே விலை உயர்ந்த குடியிருப்புகளில் ஒன்றாக இருக்கிறது. அந்த வெள்ளத்தை மனிதரால் வந்த பேரழிவு என்று மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கையே சொன்னது. அதற்குத் தண்டனையாக வீட்டை இழந்தவர்கள் குடிசைவாசிகள் மட்டும். 2022 மே மாதம் சென்னை கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதை நாம் மறக்கக் கூடாது.

அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரையை இரண்டு பக்கமும் 11 கிலோமீட்டருக்கு மேல் அழகுபடுத்தினார்கள். ஓடுவது நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரையிலிருந்து அகற்றப்பட்டன. ஒரு பகுதியினரைப் பிராணா குப்பை மேட்டுப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சியோலிலும் ஓடையோரக் கடைக்காரர்களும் நடைபாதை வியாபாரிகளும்தான் முதலில் நகர்த்தப்பட்டார்கள். பிறகு நில விலை ஏறியது. ஆறு அழுக்காக இருக்கும்வரை ஏழை பக்கத்தில் இருக்கலாம். ஆறு சுத்தமாகும் நாளில் அவர் அங்கே இருக்க மாட்டார். வேகவதி விஷயத்திலும் நமக்கு இருக்கிற பயம் இதுதான்.

நீர்நிலையைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், அரசு எல்லா நீர்நிலைக்கும் ஒரே அளவுகோலை வைக்க வேண்டும். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்காகக் குறித்திருக்கும் நிலத்தில் ஏரிகள் இருக்கின்றன, கம்பன் கால்வாய் போகிறது. ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். ஏரி மேல் ஓடுதளம் வந்தால் வளர்ச்சி, ஆற்றோரம் குடிசை வந்தால் ஆக்கிரமிப்பு என்ற சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

எங்கள் கோரிக்கைகள் எளிமையானவை. முதலில் சாக்கடையையும் சாயக்கழிவையும் ஆற்றில் விடுவதை நிறுத்துங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில், இதே பாலாற்றை வைத்துத்தான் உறுதி செய்தது. இரண்டாவது, ஆக்கிரமிப்புப் பட்டியலை முழுதாக வெளியிடுங்கள். குடிசைகள் மட்டுமல்ல, கடை, மண்டபம், மனைப்பிரிவு எல்லாம் அதில் வரவேண்டும். மூன்றாவது, வெள்ள ஆபத்துள்ள இடத்திலிருந்து மாற்றுவதாக இருந்தால் வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகிற தூரத்தில், பெண்கள் பெயரில் பட்டாவோடு, தறிக்கு இடம் விட்டு வீடு கொடுங்கள். நான்காவது, மீட்கப்படும் கரை பொது இடமாகவே இருக்கட்டும்; அதில் ஒரு சென்ட் கூடத் தனியாருக்குப் போகக் கூடாது.

மாணவத் தோழர்களே, உங்களால் இப்போதே செய்ய முடிகிற வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வாங்குங்கள். ஆற்றில் எத்தனை கழிவுநீர்க் குழாய்கள் இறங்குகின்றன என்று நடந்துபோய் எண்ணுங்கள். ஒரு சாதாரண வெப்பமானியை எடுத்துக்கொண்டு, மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஷீட் வீட்டுக்குள் ஒரு தடவை, மேட்டுத் தெரு மாடி வீட்டுக்குள் ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். அதிகாரிகள் நம் கண்ணீரைக் கேட்க மாட்டார்கள். நாம் சேகரித்த எண்களை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

வேகவதி ஒரு நாள் தெளிந்து ஓடும் என்று நாங்கள் நம்புகிறோம். அந்த நாளில் அதன் காற்று, இத்தனை வருடம் அதன் நாற்றத்தைச் சுமந்த மக்களின் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் முதலில் போக வேண்டும்.

ஜெய்பீம்.