247 எழுத்துக்கு 43 குறிகள் போதும்!

காஞ்சிபுரம் பட்டுத் தறியில் புட்டா விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சேலையின் நீளத்துக்கு எத்தனை புட்டா வந்தாலும் ஜக்கார்டு பெட்டியில் அதே அட்டைகள்தான் திரும்பத் திரும்ப ஓடும். உங்கள் கம்ப்யூட்டரில் யூனிகோட் தமிழும் இப்படித்தான். 12 உயிர், க முதல் ன வரை 18, ஆய்தம், 11 துணைக்குறிகள், புள்ளி என 43 குறிகளில் 247 எழுத்தும் அடக்கம். 'கொ' என்று அடித்தால் க, ஒகரக் குறி என இரண்டுதான் பதிவாகும். கொம்பையும் காலையும் இரு பக்கமும் போடுவது ஃபாண்டின் வேலை.

எழுத்துக்கு எழுத்து தனி இடம் கேட்பவர்களும் உண்டு. 2010-ல் தமிழக அரசு யூனிகோடுடன் டேஸ்16 என்ற அத்தகைய குறிமுறையையும் அறிவித்தது. அகர வரிசைப்படுத்த அது எளிது. ஆனால், நீங்கள் அனுப்புவது அடுத்தவர் செல்போனில் தெரிய வேண்டுமே! அதற்கு யூனிகோட்தான் வழி.

1999-ல் அரசு அறிவித்த டாம், டாப் ஃபாண்டுகளில் அடித்த கூலிக் கணக்கோ கோயில் விழா அழைப்பிதழோ பழைய சிடியில் இருக்கிறதா? அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். சிடி கெடுவதற்கு முன், கன்வெர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.