பிழையை விழுங்குவது பாதுகாப்பு அல்ல

"பயனர் முன்னால் நிரல் நின்றுவிடக் கூடாது, எல்லாவற்றையும் ட்ரை-கேட்ச்சுக்குள் போட்டு, பிழை வந்தால் பிடித்து அமுக்கிவிட்டு ஓடவிடு." இதைப் பாதுகாப்பு என்று நிரலாளர்கள் பலர் நம்புகிறார்கள். தவறு.

ஒன்று. காலியான கேட்ச் பிழையைத் தீர்ப்பதில்லை, பிழை பிறந்த இடத்தை மறைக்கிறது. கோப்பு திறக்கவில்லை, நிரல் ஓடுகிறது, நாலு ஃபங்ஷன் தாண்டி, தவறான தொகை தரவுத்தளத்தில் ஏறுகிறது. எங்கே போய்த் தேடுவீர்கள்?

இரண்டு. ஓடுவதுதான் முக்கியமா? தெராக்-25 கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியைப் பாருங்கள். 1986 மார்ச்சில், டெக்சாஸின் டைலர் நகரில், சிகிச்சை இடையில் நின்று 'மால்ஃபங்ஷன் 54' என்று திரையில் வந்தது. அது என்னவென்று கையேடு விளக்கவில்லை. 'பி' விசையைத் தட்டினால் தொடரலாம், இயக்குபவர் தட்டினார். நோயாளிமேல் கதிர் மறுபடியும் பாய்ந்தது. பின்னர் அவர் இறந்தார். முந்தைய தெராக்-20இல் இருந்த வன்பொருள் தடுப்புகளை இதில் நீக்கி, மென்பொருளையே நம்பியிருந்தார்கள். தொடர விட்டது யாருக்கு நன்மை?

மூன்று. "1996இல் ஏரியான் 5 ராக்கெட், பிடிக்கப்படாத பிழையால்தானே அழிந்தது?" ஆம். 64 பிட் எண் 16 பிட்டில் அடங்கவில்லை. ராக்கெட்டின் நிலையையும் திசையையும் அளக்கும் கணினி நின்றது. அதே நிரலை ஓட்டிய மாற்றுக் கணினியும் நின்றது. ஆனால் அந்த எண்ணைத் தந்த கணக்கு, ராக்கெட் கிளம்பியபின் தேவையே இல்லாதது. ஏரியான் 4இலிருந்து அப்படியே வந்தது. எண் அவ்வளவு பெரிதாகாது என்று கருதி, அதற்குப் பாதுகாப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள். பிழையை அமுக்கியிருந்தால் அந்த ஊகம் சரியாகிவிடுமா?

சரிசெய்ய முடிந்த பிழையை மட்டும் பிடியுங்கள். மற்றதைக் காரணத்தோடு மேலே அனுப்புங்கள். காலி கேட்ச் உள்ள நிரலை மதிப்பாய்வில் ஏற்காதீர்கள்.